தங்கச் சுரங்கத்திலிருந்து ஆப்ஷன் வரை: சந்தை மோகங்களின் வரிசையில் நாம் எங்கே நிற்கிறோம்?



போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மந்தாரக்குப்பம் டீக்கடையில் ஒரு தம்பியைப் பார்த்தேன். அப்பா சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. இவன் பொறியியல் மூன்றாம் ஆண்டு. நம் வாசகர் வட்டத்துக்கு ஒழுங்காக வருகிறவன், கேள்வி கேட்பவன். அன்று வாயே திறக்கவில்லை. கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன தம்பி?" என்றேன்.

"நிஃப்டி ஆப்ஷன் அண்ணா. போன வாரம் மட்டும் நாற்பதாயிரம் போயிடுச்சு." கல்லூரிக் கட்டணத்துக்காக அவன் அம்மா மகளிர் குழுவில் கடன் வாங்கிக் கொடுத்த பணம் அது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. கடைசியாக ஒன்று சொன்னான்: "எனக்குத்தான் புத்தி இல்லை அண்ணா."

அந்தக் கடைசி வாக்கியத்துக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. பணத்தை இழந்தவர்கள் எல்லாக் காலத்திலும் இதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஊரும் அதையேதான் சொல்லும்: "பேராசை பெருநஷ்டம்." ஆனால் கடந்த நூற்று நாற்பது ஆண்டுகளில் தமிழ் நிலத்தில் வந்துபோன பண மோகங்களை வரிசையாக எடுத்துப் பார்த்தால் வேறொரு உண்மை தெரிகிறது. ஒவ்வொரு மோகத்திலும் முதலில் வந்தவர்கள் சம்பாதித்திருக்கிறார்கள். கடைசியில் வந்தவர்கள் அதற்கு விலை கொடுத்திருக்கிறார்கள். இந்தச் சாதிச் சமூகத்தில் யார் கடைசியில் வருவார்கள் என்பது தற்செயலாக முடிவாவதில்லை.

அண்ணல் நடத்திய பங்கு ஆலோசனை நிறுவனம்

அண்ணல் அம்பேத்கரைச் சட்ட மேதையாக எல்லோருக்கும் தெரியும். அவருடைய முதல் படிப்பு பொருளாதாரம். 1923-இல் லண்டனில் வெளியான அவருடைய ஆய்வு நூல் ரூபாயின் சிக்கலைப் பற்றியது. 1925-இல் இந்திய நாணயம் குறித்து ஆராய வந்த அரச ஆணையத்தின் முன் சாட்சியம் அளித்தார்.

அதற்கெல்லாம் முன்பு நடந்த ஒன்று பலருக்குத் தெரியாது. 1917-இல் அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டுத் திரும்பினார். பரோடாவில் வேலை பார்க்கப் போனவருக்குத் தங்க ஒரு வீடு கிடைக்கவில்லை. பம்பாய்க்கு வந்து, பிழைப்புக்காகப் பங்கு வியாபாரிகளுக்கு ஆலோசனை சொல்லும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அன்றைய பம்பாயில் அந்தத் தொழிலுக்கு அவரைவிடப் படித்த ஆள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? வாடிக்கையாளர்களும் வந்தார்கள். ஆலோசனை சொல்பவர் தீண்டப்படாதவர் என்று தெரிந்ததும் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். நிறுவனத்தை மூட வேண்டியதாயிற்று.

சந்தைக்குச் சாதி கிடையாது, பணத்துக்கு நிறம் கிடையாது என்று பாடம் நடத்துகிறவர்களிடம் இந்தச் சம்பவத்தைச் சொல்லுங்கள். சந்தை ஓடுவது தகவலிலும் நம்பிக்கையிலும். யார் சொல்வதை யார் நம்புவார்கள், யார் காதுக்குச் செய்தி முதலில் போகும் என்பதைத் தீர்மானிப்பது உறவும் சாதியும். அந்த வலைக்கு வெளியே இருப்பவருக்குச் செய்தி கடைசியில்தான் வந்து சேரும். அது வந்து சேரும்போது முதலில் கேட்டவர்கள் வெளியேறத் தொடங்கியிருப்பார்கள்.

லண்டனில் பங்கு, மண்ணில் நம் ஆட்கள்

நெய்வேலி ஒரு சுரங்க ஊர். ஆகவே சுரங்கத்திலிருந்தே தொடங்குவோம்.

இன்றைய நீலகிரி மாவட்டத்தின் கூடலூர், தேவாலா, பந்தலூர்ப் பகுதியை அன்று தென்கிழக்கு வயநாடு என்றார்கள். 1880-ஐ ஒட்டி அங்கே தங்கம் கொட்டிக் கிடக்கிறது என்ற செய்தி லண்டன் பங்குச் சந்தையைப் பிடித்து ஆட்டியது. ஓரிரு ஆண்டுகளில் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் அங்கே பதிவாயின. அவற்றின் மூலதனம் காகிதத்தில் சுமார் 50 லட்சம் பவுண்டு. அந்த நேரத்தில் காப்பித் தோட்டங்கள் இலை நோயால் அழிந்துகொண்டிருந்தன. நொடித்துப்போன தோட்டத் துரைமார் தங்கள் எஸ்டேட்டுகளைத் தங்க நிலம் என்று கம்பெனிகளுக்கு நல்ல விலைக்கு விற்றார்கள். இயந்திரங்களைக் கப்பலில் கொண்டுவந்து மலையேற்றினார்கள். பாறையை அரைத்துப் பார்த்தால் செலவுக்குக்கூடத் தங்கம் தேறவில்லை. சில ஆண்டுகளில் கம்பெனிகள் காணாமல் போயின. எஸ்டேட்டை விற்றவர்களுக்கும் கம்பெனியைத் தொடங்கிப் பங்கை விற்றவர்களுக்கும் லாபம். கடைசியில் பங்கு வாங்கியவருக்குக் காகிதம்தான் மிச்சம்.

அதே 1880-இல் கோலாரிலும் கம்பெனி தொடங்கினார்கள். அங்கேயும் முதலில் கைப்பணம் கரைந்தது, பங்கு விலை விழுந்தது. ஆனால் கோலாரில் உண்மையாகவே தங்கம் இருந்தது. சில ஆண்டுகளில் சாம்பியன் ரீஃப் படிவம் கிடைத்ததும் விழுந்த பங்கு எழுந்தது. ஒவ்வொரு மோகத்துக்குள்ளும் இப்படி ஒரு விதை உண்மை இருக்கும். முழுப் பொய்யை யாரும் வாங்குவதில்லை. கோலாரில் தங்கம் இருந்ததால்தான் தேவாலாவிலும் இருக்கும் என்று நம்ப வைப்பது எளிதாயிற்று.

கோலாரில் பூமிக்குள் இறங்கியவர்கள் யார்? வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூர்ப் பகுதியிலிருந்தும் பண்ணையடிமை வாழ்க்கையை விட்டுக் கிளம்பிய நம் மக்கள். பண்டிதர் அயோத்திதாசரின் பவுத்தச் சங்கம் வேர் பிடித்த ஊர்களில் ஒன்று அது. லண்டனில் பங்கு ஏறியதும் இறங்கியதும் அவர்களின் கூலியைத் தீர்மானித்தது. அந்தப் பங்கில் ஒன்றுகூட அவர்கள் கையில் இல்லை. சந்தை மோகங்களின் வரலாற்றில் நாம் நுழைந்தது உடலாக, உழைப்பாக. 2001 பிப்ரவரி 28-இல் கோலார் சுரங்கம் மூடப்பட்டபோது தலைமுறை தலைமுறையாக அங்கே உழைத்தவர்களுக்கு எஞ்சியது நுரையீரல் நோயும் லைன் வீடும்தான்.

1906-இல் நாம் ஏமாறவில்லை, ஏன்?

1906 அக்டோபர் 22. சென்னையின் பெரிய வெள்ளைக்காரக் கம்பெனிகளில் ஒன்றான அர்பத்நாட் கடையை மூடியது. அது வியாபாரக் கம்பெனியாகவும் வங்கியாகவும் இருந்தது. அர்பத்நாட்டில் போட்ட பணம் அரசாங்கத்தில் போட்டது மாதிரி என்று ஜமீன்தார்களும் அதிகாரிகளும் பென்ஷன்காரர்களும் நம்பிப் பணம் போட்டிருந்தார்கள். அந்தப் பணத்தை எடுத்துக் கம்பெனி வெளிநாட்டுச் சூதாட்ட முதலீடுகளில் இறக்கியிருந்தது. லண்டனில் இருந்த கூட்டாளி மெக்ஃபேடியன் தற்கொலை செய்துகொண்டார். சென்னையில் சர் ஜார்ஜ் அர்பத்நாட் 18 மாதச் சிறைத் தண்டனை பெற்றார்.

அந்த வீழ்ச்சியில் பாடம் கற்றவர்கள் சும்மா இருக்கவில்லை. வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி அய்யரும் நண்பர்களும் நம்மவர்க்கென ஒரு வங்கி வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். 1907 மார்ச்சில் இந்தியன் வங்கி பதிவானது. ஆகஸ்ட் 15-இல் வேலையைத் தொடங்கியது.

அதே 1907 ஜூன் மாதம், சென்னை இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசர் ஒரு வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். அதன் பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. விலை ஒரு பைசா.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே நகரம், ஒரே ஆண்டு. ஒரு கூட்டம் தன் சேமிப்பைக் காப்பாற்ற வங்கி தொடங்குகிறது. இன்னொரு கூட்டம் தன் மக்களால் கொடுக்கக்கூடிய அதிகபட்ச விலையாக ஒரு பைசாவை வைத்துப் பத்திரிகை தொடங்குகிறது. அர்பத்நாட் விழுந்தபோது நம் பாட்டன் பூட்டன் யாரும் பணத்தை இழக்கவில்லை. அவர்கள் புத்திசாலிகளாக இருந்ததால் அல்ல. ஏமாற்றப்படுவதற்குக்கூடக் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

நெய்வேலியில் வந்த முதல் சம்பளம்

நம் கையில் ஏதாவது வந்தது பிறகுதான். இந்தப் பக்கத்தில் அதற்குக் காரணமான இடம் நெய்வேலி.

1956 நவம்பரில் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1962-இல் மின்சாரம் வந்தது. இதற்காகக் கிராமங்கள் எழுப்பப்பட்டன. 1894-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டப்படி நிலத்தில் உரிமை உள்ளவருக்குத்தான் இழப்பீடு. கடலூர் மாவட்ட மக்களில் சுமார் 29 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர் என்கிறது 2011 கணக்கெடுப்பு. அவர்களில் பெரும்பாலோர் பிறர் நிலத்தில் உழைத்தவர்கள். பட்டா இல்லாதவருக்கு நிலத்தோடு கூலியும் போனது, இழப்பீடு வரவில்லை.

ஆனால் பொதுத்துறை என்பதால் இடஒதுக்கீடு இருந்தது. சேரியிலிருந்து வந்த ஒருவர் நிரந்தர வேலை, பி.எஃப்., குவார்ட்டர்ஸ், மருத்துவமனை, பிள்ளைகளுக்குப் பள்ளி என்று ஒரு முழு வாழ்க்கைக்குள் நுழைய முடிந்தது. என் அப்பா அப்படி வந்தவர்தான். எங்கள் குடும்பத்தில் மாதம் பிறந்தால் சம்பளம் என்பதை அறிந்த முதல் ஆள். 1969-இல் 14 வங்கிகள் நாட்டுடைமையானதும் வங்கிக் கதவும் கொஞ்சம் திறந்தது. முன்பு வங்கிக்குள் நுழையக் கூசிய கால்கள் பாஸ்புக்கோடு நுழைந்தன.

சம்பளம் வரும் ஊரைப் பணம் தேடுகிறவர்கள் மோப்பம் பிடித்துவிடுவார்கள். ஏலச் சீட்டு, தீபாவளிச் சீட்டு, நகைச் சீட்டு என்று தொடங்கியது. 1990-களில் ஃபைனான்ஸ் கம்பெனிகள் வந்தன. நூற்றுக்கு 24 வட்டி, 30 வட்டி, சில இடங்களில் 36. வங்கி அதில் பாதிகூடத் தரவில்லை.

அப்பா போட்டது அப்படி ஒரு சின்ன ஃபைனான்ஸில். பெயர் வேண்டாம், இன்று அது இல்லை. அக்கா கல்யாணத்துக்காகச் சேர்த்த பணம். அவரோடு ஷிப்டில் வேலை பார்த்த மேல்சாதி நண்பர் மூன்று ஆண்டுகளாக அதில் வட்டி வாங்கிக்கொண்டிருந்தார். அப்பாவிடம் அவர் சொன்னதில் பொய் இல்லை. அவருக்கு உண்மையாகவே வட்டி வந்தது. அப்பா சேர்ந்த ஏழாம் மாதம் ஷட்டர் இறங்கியது. அந்த நண்பர் அதற்கு முன்பே அசலை எடுத்துவிட்டிருந்தார். கம்பெனி நடத்தியவர் அவருடைய உறவினர். ஷட்டர் இறங்கப் போகும் செய்தி எந்த வழியில் வந்திருக்கும், எந்த வழியில் வந்திருக்காது என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அப்பா அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நமக்குப் புத்தி இல்லை" என்றுதான் சொன்னார்.

தேக்கு, யூனிட், ஈமு

அந்தப் பத்தாண்டில் தமிழ்நாடு முழுக்க இதுதான் நடந்தது. தேக்கு மரத் திட்டங்கள் வந்தன. சென்னையை மையமாகக் கொண்ட அனுபவ் பிளான்டேஷன்ஸ் 1992-இல் தொடங்கி 1998-இல் நொறுங்கியது. தேக்கு வளரும் என்பது உண்மை. ஆனால் அது முதிரப் பல பத்தாண்டு ஆகும். அதுவரை பணம் போட்டவருக்குக் காட்ட விளம்பரம் மட்டும்தான் இருந்தது. 1997-இல் நிதி நிறுவனங்கள் ரிசர்வ் வங்கியில் பதிவு செய்வது கட்டாயமானது. அதே ஆண்டு தமிழ்நாடு அரசு முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஏமாற்றிய நிறுவனத்தின் சொத்தை முடக்கவும், தனி நீதிமன்றத்தில் விசாரிக்கவும், பத்தாண்டு வரை சிறை தரவும் அந்தச் சட்டம் வழி செய்கிறது. 2011-இல் உச்ச நீதிமன்றமும் அதைச் செல்லும் என்றது. இளம் தோழர்கள் இந்தச் சட்டத்தின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏமாந்தவர்கள் தெருவில் இறங்கியதால்தான் இப்படிப்பட்ட சட்டங்கள் வருகின்றன.

அரசாங்கப் பெயரில் வந்ததும் தப்பவில்லை. 1964-இல் தொடங்கிய யூனிட் டிரஸ்டின் யூ.எஸ்.-64 திட்டம் சம்பளக்காரர்களுக்குப் பிடித்தமான சேமிப்பு. சுமார் 2 கோடிப் பேர் அதில் இருந்தார்கள். 2001 ஜூலையில் யாரும் யூனிட்டை விற்க முடியாது என்று திடீரென ஆறு மாதத்துக்கு நிறுத்தினார்கள். பெரிய நிறுவனங்கள் பல அதற்கு முன்பே பெருந்தொகையை எடுத்துக்கொண்டு போயிருந்தது பின்னர் சர்ச்சையானது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அது பொதுத்துறை என்பதால் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. அரசு தலையிட்டுச் சிறு முதலீட்டாளருக்கு ஒரு உறுதி விலை கொடுத்தது. தேக்கில் பணம் போட்டவருக்கு அப்படிக் கேட்க ஒரு சபை இல்லை.

பிறகு ஈமு. பெருந்துறையில் தொடங்கிய சுசி ஈமு ஃபார்ம்ஸ் விளம்பரம் இதுதான்: ஒன்றரை லட்சம் கட்டினால் ஆறு குஞ்சு. வளர்ப்புக் கூலியாக மாதம் 6,000 ரூபாய். ஆண்டுக்கு 20,000 போனஸ். கணக்குப் போடுங்கள். ஓராண்டில் 92,000. போட்ட பணத்தில் அறுபது விழுக்காட்டுக்கும் மேல் ஒரே ஆண்டில் திரும்பி வருகிறது. ஈமு முட்டையிடும் என்பது உண்மை. ஆனால் அந்தக் கறியையும் எண்ணெயையும் அந்த அளவுக்கு வாங்க ஆளே இல்லை. குஞ்சை வாங்கியது அடுத்து வந்த முதலீட்டாளர்தான். அவர் பணம்தான் முன்னவருக்குக் கூலி. 2012 ஆகஸ்டில் புதிதாக வருவோர் குறைந்ததும் எல்லாம் நின்றது. கொட்டகையில் பட்டினி கிடந்த பறவைகளுக்கு அரசு தீவனம் போட வேண்டியதாயிற்று.

2022-இல் ஆருத்ரா. ஒரு லட்சம் கொடுத்தால் மாதம் 30,000 என்றார்கள். சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் வசூலானதாகப் பொருளாதாரக் குற்றப்பிரிவு கூறியது. இந்தக் காலத்தில் ஒரு புதுமை சேர்ந்தது. பணம் போட்டவர்களையே ஏஜென்ட் ஆக்கினார்கள். நம் தெருவில் படித்த பிள்ளை, நன்றாகப் பேசும் பிள்ளை யார் என்று பார்த்து அவனைப் பிடித்தார்கள். சொந்த அத்தை, சித்தப்பா, காலனிச் சனம் என்று அவன் வழியாகப் பணம் வந்தது. முன்பு நம்மை நம்பிக்கை வலைக்கு வெளியே நிறுத்தினார்கள். இப்போது நம்முடைய சொந்த நம்பிக்கை வலையையே எடுத்து விற்றார்கள். கம்பெனி மூடியதும் முதலாளி வெளிநாடு போகலாம். ஏஜென்ட் தம்பி எங்கே போவான்? கதவைத் தட்டுவது அவன் அத்தைதானே!

ஆகவே வரிசை இப்படிப் போகிறது: 1880-களில் நாம் மண் வெட்டுகிறவர்கள். 1990-களில் பணம் போடுகிறவர்கள். 2010-களில் பணம் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்ட்டுகள். 2020-களில் கைப்பேசியில் ஆப்ஷன் வாங்குகிறவர்கள். ஒவ்வொரு முறையும் வாசல் திறந்ததாகச் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் நாம் நுழைந்தது பந்தி முடிகிற நேரத்தில்.

அறுபது ரூபாய்ப் பங்கு

இந்த வரிசையில் நெய்வேலிக்கே சொந்தமான ஒரு மோகமும் உண்டு. 1991-க்குப் பிறகு பொதுத்துறைப் பங்கை விற்பதே சீர்திருத்தம் என்ற காற்று அடித்தது. 2006-இல் என்.எல்.சி.யின் 10 விழுக்காட்டை விற்க ஒன்றிய அரசு முடிவெடுத்தது. தொழிலாளர்கள் எதிர்த்தார்கள், தி.மு.க. எச்சரித்தது, திட்டம் கைவிடப்பட்டது. 2013-இல் மறுபடி வந்தார்கள். பங்குச் சந்தையில் உள்ள பொதுத்துறை நிறுவனங்கள் குறைந்தது 10 விழுக்காட்டைப் பொதுமக்களிடம் விட வேண்டும் என்பது அன்றைய செபி விதி. அந்த ஆண்டு ஜூலையில் தொழிலாளர்கள் காலவரையற்ற வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். முடிவில் தமிழ்நாடு அரசின் ஐந்து நிறுவனங்கள் 3.56 விழுக்காட்டுப் பங்கை, பங்கு 60 ரூபாய் வீதம், சுமார் 358 கோடிக்கு வாங்கின.

அந்தப் போராட்டத்தை வெறும் உணர்ச்சி என்று கேலி செய்தவர்கள் உண்டு. நமக்கு அதில் உயிர் பிரச்சினை இருந்தது. கம்பெனி முழுக்கத் தனியார் கைக்குப் போனால் இடஒதுக்கீடு போகும். இடஒதுக்கீடு போனால் என் அப்பாவைப் போல இன்னொருவர் உள்ளே வர முடியாது.

2024 மார்ச்சில் அதே என்.எல்.சி.யின் 7 விழுக்காட்டை ஒன்றிய அரசு விற்றது. குறைந்தபட்ச விலை 212 ரூபாய். அப்போது பொதுத்துறைப் பங்குகள் மேல் சந்தைக்கு மோகம் வந்திருந்தது. 60 ரூபாய்க்குச் சீந்தாதவர்கள் 212-க்கு வரிசையில் நின்றார்கள். அதே ஊர், பூமிக்குள் இருப்பதும் அதே பழுப்பு நிலக்கரி, வெட்டுவதும் அதே கைகள். அந்தக் கைகளில் எத்தனை இன்னும் ஒப்பந்தக் கைகளாகவே இருக்கின்றன என்பது மட்டும் பங்கு விலையில் தெரியாது.

தம்பிக்குச் சொன்னது

இனி ஆப்ஷனுக்கு வருவோம். 2024 செப்டம்பரில் செபியே ஓர் ஆய்வை வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரை மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர், ஆப்ஷனில் இறங்கிய தனிநபர்கள் ஒரு கோடிக்கும் மேல். அவர்களில் 93 விழுக்காட்டினருக்கு நட்டம். மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. 2023-24-இல் அவர்களில் 43 விழுக்காட்டினர் முப்பது வயதுக்குக் கீழ். நான்கில் மூன்று பேருக்கு மேல் ஆண்டு வருமானம் 5 லட்சத்துக்குக் கீழ். அதே ஆண்டில் சொந்தக் கணக்கில் வணிகம் செய்யும் நிறுவனங்கள் சுமார் 33,000 கோடியும், வெளிநாட்டு முதலீட்டாளர்கள் சுமார் 28,000 கோடியும் லாபம் பார்த்தார்கள். அந்த லாபத்தின் மிகப்பெரும் பகுதியைச் சம்பாதித்தவை கணினி நிரல்கள்.

நூறு பேரில் 93 பேருக்குப் புத்தி இல்லை என்று சொல்ல முடியுமா? 1720-இல் லண்டனில் தென்கடல் கம்பெனிப் பங்கு குமிழியாக ஊதி வெடித்தபோது பெருந்தொகை இழந்தவர்களில் ஐசக் நியூட்டனும் ஒருவர். புத்தி இருந்தால் தப்பலாம் என்றால் அவர் தப்பியிருக்க வேண்டும். நூறு பேர் நுழைந்து 93 பேர் அடிபட்டு வெளியே வரும் வாசலில், அடிபட்டவனின் புத்தியைப் பற்றிப் பேசுவது வாசலைக் கட்டியவனைக் காப்பாற்றும் வேலை.

தம்பியிடம் இதைத்தான் சொன்னேன். "நீ போட்டது தப்பு. ஆனா நீ முட்டாள் இல்ல. முதல்ல அம்மாகிட்ட உண்மையச் சொல்லு. போனத எடுக்கணும்னு மறுபடி போடாத."

உங்களுக்கும் மூன்று கேள்விகளைத் தருகிறேன். அடுத்த மோகம் எந்தப் பெயரில் வந்தாலும் இவற்றைக் கேளுங்கள். ஒன்று: எனக்குத் தருவதாகச் சொல்லும் பணம் எங்கிருந்து வருகிறது? ஒரு பொருளை விற்று வருகிறதா, எனக்குப் பின்னால் வருகிறவரிடமிருந்து வருகிறதா? இரண்டு: ரிசர்வ் வங்கி, செபி, சீட்டுப் பதிவாளர், இவற்றில் எங்கே பதிவாகியிருக்கிறது? வங்கியில் போட்ட பணத்துக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. இதற்கு என்ன உண்டு? மூன்று: இதை எனக்குச் சொன்னவர் எப்போது நுழைந்தார், எப்போது வெளியேறுவார்?

இந்தக் கேள்விகள் ஒரு தனி ஆளைக் காப்பாற்றும். தெருவைக் காப்பாற்ற அவை போதாது. நாற்பதாயிரத்துக்காக ஒரு மாணவன் ஆப்ஷனில் இறங்குவது, அவன் அப்பாவின் கூலி கல்லூரிக் கட்டணத்துக்குப் போதாததால்தான். ஒப்பந்தத் தொழிலாளியின் பணி நிரந்தரமும், பட்டியல் சாதி மாணவர்களின் உதவித்தொகை நேரத்துக்கு வருவதும் இந்த விஷயத்தோடு தொடர்புடைய கோரிக்கைகள். மாதா மாதம் நியாயமான பணம் வரும் வீட்டில் மாயப் பணத்துக்கு வாசல் சிறிது.

இன்னொன்றும் செய்ய வேண்டும். ஏமாந்ததை வெளியே பேச வேண்டும். என் அப்பா பேசவில்லை. அவர் அந்த ஃபைனான்ஸைப் பற்றி ஒரு கூட்டத்தில் எழுந்து பேசியிருந்தால், பக்கத்து வட்டத்தில் இன்னொரு குடும்பம் தப்பியிருக்கலாம். புகார் கொடுத்திருந்தால் 1997 சட்டம் அவருக்கும் பயன்பட்டிருக்கலாம். வெட்கம் ஏமாற்றியவனுக்குத்தான் இருக்க வேண்டும். அதை நாம் சுமந்துகொண்டிருக்கும் வரை அடுத்த கம்பெனிக்கு நம் தெருவில் ஆள் கிடைத்துக்கொண்டே இருப்பார்கள்.

வரும் வாரம் வாசகர் வட்டத்தில் இதைத்தான் பேசப் போகிறோம். இழந்தவர்கள் வாருங்கள். எவ்வளவு என்று சொல்ல வேண்டாம், எப்படி நடந்தது என்று சொன்னால் போதும். அந்தத் தம்பியும் வருகிறேன் என்றிருக்கிறான்.

ஜெய் பீம்.